தன் சொல்லில் ஒரு விடை

ஆங்கில வகுப்பில் கவிதையோ உரையோ படிக்கும் மாணவர் எழுதும் விடை பல வேளை டியூஷன் நோட்ஸின் நகலாகிவிடுகிறது. புள்ளி கிடைக்கும், வாசிப்பு நடந்திருக்காது. தன் சொல்லில் எழுதுவதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. இலங்கையின் பூண்டுலோயா மடக்கொம்பரைத் தேயிலைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கற்ற ஆங்கிலத்தைக் கொண்டே தப்பொலியையும் லயத்து வாழ்வையும் கவிதையாக்கினார். அவர் கவிதையை மலையகத்து அட்டனில் வாசிக்கும் தோட்டப் பிள்ளைக்கு அருஞ்சொற்பொருள் அதிகம் தேவையில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு தாயின் நெற்றியில் பதித்த தடத்தை அது வீட்டிலேயே கண்டிருக்கும். அந்தத் தடத்தைப் பற்றி, இலக்கணம் சற்றுப் பிசகினாலும், தானாக எழுதும் இரண்டு வரிக்குத்தான் ஆசிரியர் முதலில் புள்ளியிட வேண்டும்.