அன்பினால் தரும் கஷாயம்

புற்றுநோய் கண்டவர் வீட்டிற்கு மலேசியாவில் ஆறுதலுக்கு முன்னே மருந்து வந்து சேர்கிறது. ஒருவர் டுரியான் பெலாண்டா இலையைக் கட்டிக் கொணர்வார். மற்றொருவர் சபா பாம்புப் புல்லைச் சாறு பிழிந்து பருகச் சொல்வார். மூன்றாமவரோ, கத்தி பட்டால் புற்று பரவும், ஆஸ்பத்திரிப் பக்கமே போகவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார். மூவரும் அன்பினாற் கூறுபவரே, காசு பெறுபவரல்லர். காசு பெறாத யோசனைக்குப் பொறுப்பும் இல்லையோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

பச்சிலை என்றதும் நகைப்போர் கூட்டத்தில் நாம் இல்லை. நம் முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்தன்றோ வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்னும் மருந்துகள் கிடைத்தன! குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு வின்கிறிஸ்டின் இன்றும் கொடுக்கப்படுகிறது. ஆயினும் அது கஷாயத்தின் பெருமை அன்று. நீரிழிவுக்கு நல்லதென்று கேள்வியுற்று அச்செடியை 1950-களில் கனடாவிற் சோதித்தவர்கள், சர்க்கரை குறையாமல் வெள்ளணுக்கள் குறையக் கண்டார்கள். சத்தைப் பிரித்தெடுத்து அளவு வகுத்த பிறகே அது மருந்தாயிற்று. அளவு மிஞ்சினால் நரம்பைக் கெடுக்கும் நஞ்சும் அதுவே.

சோதனையில் தோற்றதும் உண்டு. அப்ரிகாட் கொட்டையிலுள்ள சத்தை ஒத்த லேட்ரில் என்னும் மருந்தை அமெரிக்காவிற் பல்லாயிரவர் நாடினர். 178 நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1982-இல் வெளியாயிற்று. நோய் தணியவில்லை, சிலருடைய இரத்தத்தில் சயனைடு ஏறியிருந்தது.

ஆகவே, சிகிச்சையோடு கூட ஒன்றைக் கொள்ளுதல் வேறு. சிகிச்சைக்குப் பதிலாக ஒன்றைக் கொள்ளுதல் வேறு. மருந்தினால் வரும் குமட்டலை இஞ்சி சிலருக்குத் தணிக்கலாம். யோகம் சிலருக்கு அயர்வைக் குறைக்கலாம். கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் 2007-இலேயே பாரம்பரிய வைத்தியப் பிரிவு திறக்கப்பட்டது. ஆனால், நோய் பரவுமுன்னரே சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியம் ஒன்றையே பற்றிய 281 பேரை யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். அவர்களுக்கு மரண அபாயம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

இனி, சீறி விழும் டாக்டருக்கும் இதிற் பங்குண்டு. ஏச்சுக்கு அஞ்சி நோயாளி கஷாயத்தை மறைக்கிறார். சில மூலிகைகள் புற்று மருந்தின் வலிமையையே குறைக்கும் என்பதை அவருக்கு எவர் சொல்வது?

நமக்கு மிகவும் கசப்பது மற்றொன்று. கட்டி வளர்ந்தபின், கத்தி வேண்டாமென்றவர் என்ன சொல்கிறார்? "உமக்கு நம்பிக்கை போதவில்லை" என்கிறார். தம் யோசனையின் பழியை நோயாளி தலையிற் சுமத்துகிறார். இது அன்போ?

வைத்தியர் கைவிட்ட பின் என் செய்வது எனச் சிலர் வினவுவர். அவர் கையிலுள்ள இலையை நாம் பிடுங்கோம். அது அவரை வருத்தாமலும் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தாமலும் இருப்பின் பருகட்டும். குணமாகும் என்று மட்டும் நாம் சொல்லோம். வலி தணிக்கும் மருந்தை அவருக்குத் தேடிக் கொணர்வோம். இரவில் உடன் விழித்திருப்போம்.