பந்தியிலே வெட்கம்



சென்ற ஞாயிறு புதுநன்மை விருந்தில் நான் கண்ட ஒரு காரியத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. பங்கு மண்டபத்தில் மேசை போட்டு, தட்டும் கரண்டியும் வைத்துப் பிரியாணி பரிமாறினார்கள். வயதான ஒரு தாயார் சிலுவை அடையாளம் வரைந்து, கரண்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வழக்கம்போல் கையால் உண்ணத் தொடங்கினார். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேரன் பக்கத்தில் இருந்தான். "கையாலே சாப்பிடாதீங்க பாட்டி, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று மெல்லச் சொன்னான். அந்த அம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "போதும் ராசா" என்றார். அதற்குப் பின் ஒரு வாய்கூட உண்ணவில்லை.

பையனைக் கண்டிக்க எழுந்தேன். எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காரணத்தைப் பிறகு சொல்லுகிறேன்.

முள்கரண்டி பிடிப்பதே நாகரிகம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஐரோப்பாவோ நெடுங்காலம் அப்படி எண்ணவில்லை. 11-ம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோபிள் பக்கத்துப் பிரபு குலப் பெண்ணொருத்தி வெனிஸ் நகரத்து அதிபதிக்கு மனைவியாகப் போனாள். அவள் உணவைக் கையால் தொடமாட்டாள். ஊழியரைக் கொண்டு துண்டு துண்டாக நறுக்கச் செய்து, இரண்டு பல்லுள்ள பொன் முள்ளால் குத்தி வாயில் வைப்பாள். 1072-ல் மரித்த அர்ச். பீட்டர் தமியான், கர்தினாலும் திருச்சபையின் வேதபாரகருமானவர், இதைப் பெரும் ஆடம்பரமென்று கண்டித்தார். அவள் கொடிய நோயில் மாண்டது தேவ தண்டனை என்றே எழுதிவைத்தார். அந்தப் பரிசுத்தவானிடம் எனக்கு மிகுந்த பக்தி உண்டு. ஆனாலும் ஒரு முள்கரண்டிக்கு இந்தத் தண்டனை கொஞ்சம் அதிகம்தான்.

ஐந்நூறு வருஷம் கழித்தும் இங்கிலாந்துக்காரர் கையால்தான் உண்டுவந்தார்கள். 1608-ல் இத்தாலிக்குப் போன தாமஸ் கோரியாட் என்பவர் அங்கே முள்கரண்டியைப் பார்த்து, அந்தப் பழக்கத்தோடு ஊர் திரும்ப, சொந்த ஜனங்களே அவரைப் பரிகாசம் செய்தார்கள். (அந்த மனிதர் பின்பு பெரும்பாலும் கால்நடையாகவே நம் தேசத்துக்கு வந்து, 1617-ல் சூரத்தில் மரித்தார்.) இத்தாலியர் ஏன் முள்கரண்டி பிடிக்கிறார்கள் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார்: எல்லார் விரலும் ஒன்றுபோல் சுத்தமல்ல, ஆகையால் பொதுத் தட்டிலுள்ள இறைச்சியை ஒருவரும் விரலால் தொடலாகாது. நம் பாட்டிமார் எச்சில் பார்த்ததும் இதற்குத்தானே? ஆளுக்கொரு இலை; உண்கிற கையால் குழம்புக் கரண்டியைத் தொடக்கூடாது. அவர்கள் முள்ளைக் கண்டார்கள், நாம் இலையைக் கண்டோம்.

ஊருக்கு ஊர் மரியாதை மாறுகிறது. பிரெஞ்சுக்காரர் பந்தியில் கையை மேசைமேல் தெரிய வைப்பார். ஆங்கிலேயர் மடியில் வைப்பார். சயாம் தேசத்தார் முள்கரண்டியால் சோற்றைத் தள்ளிக் கரண்டியால் உண்கிறார்கள். ஜப்பானியர் உண்ணும் குச்சிகளைச் சோற்றிலே நட்டு நிறுத்த மாட்டார்கள். அது செத்தவருக்குப் படைக்கும் முறை. எத்தியோப்பியாவிலோ தன் கையால் ஒரு கவளம் எடுத்து அடுத்தவர் வாயில் ஊட்டுவதே பெரிய உபசாரம். நம்மில் கலியாண வீட்டில் இலையை நம் பக்கமாக மடிக்கிறோம், துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக. இது தெரியாத வெள்ளைக்காரரைப் பார்த்து நாமும் சிரித்திருக்கிறோம், இல்லையா?

நம் ஆண்டவர் கடைசி இராப் போஜனத்தில் சீஷர்களோடு ஒரே பாத்திரத்தில் கையிட்டுத் தோய்த்து உண்டார். அவர் அருகில் கத்தியும் இல்லை, முள்ளும் இல்லை.

இனி அர்ச். இராயப்பருடைய காரியத்துக்கு வருவோம். யோப்பா பட்டணத்தில் வானத்து விரிப்பைத் தரிசனமாகக் கண்டவர் அவர். செசரேயாவில் கொர்னேலியுஸ் என்னும் நூற்றுவர் தலைவன் வீட்டுக்குப் போனவர் அவர். புறஜாதியாரோடு உண்டதற்காக எருசலேமில் குற்றம் சாட்டப்பட்டு, எழுந்து நியாயம் சொன்னவரும் அவரே. ஆனால் அந்தியோக்கியாவில் என்ன நடந்தது? அங்கே புறஜாதியாரோடு தாராளமாய்ப் பந்தியிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்த உடனே மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் கூட விலகினார். அர்ச். சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதின நிருபம் இரண்டாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் படித்துப் பாருங்கள். இராயப்பர் அறியாமல் செய்யவில்லை. பார்க்கிறவர்களுக்குப் பயந்து செய்தார். எழுந்து போனவரை நினைக்கிறோம். அந்தப் பந்தியில் அவர் விட்டுப்போன இடத்துக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவனை யார் நினைக்கிறோம்?

நான் குருப்பட்டம் பெற்ற வருஷம், ஒரு பெரிய மனிதர் எனக்கு விருந்து வைத்தார். என் தகப்பனாரும் வந்திருந்தார். அவர் கூலிக்கு ஏர் ஓட்டியவர். மேசையில் வெள்ளை விரிப்பு, கத்தி, முள்கரண்டி. குருமடத்தில் விருந்தாளிகள் வரும் நாட்களில் அவற்றைப் பிடிக்க நான் பழகியிருந்தேன். அப்பா முள்ளைப் பிடித்தார். கோழித்துண்டு வழுக்கி விரிப்பின்மேல் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் முள்கரண்டியைக் கீழே வைத்து, கையை இலகுவாய்த் தட்டில் போட்டிருந்தால் போதும். செய்யவில்லை. வீட்டுக்காரரோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். "எனக்குப் பசியில்லை சாமி" என்றார் அப்பா. பட்டம் பெற்ற நாள் முதல் பெற்ற பிள்ளையை அவர் அப்படித்தான் அழைத்தார். திரும்பும்போது பஸ் நிலையத்தில் இரண்டு பன் ரொட்டி வாங்கி, நின்றபடியே தின்றார். அவர் மரித்து ஆறு வருஷமாகிறது. அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆகையால் அந்தப் பையனைக் கண்டிக்க எனக்கு வாய் எழவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது சிலருக்குக் கசக்கும். வீடு மந்திரிக்க வரும்போது சில வீடுகளின் பின்கட்டில், சுவரோரம் கவிழ்த்துவைத்த ஒரு தட்டும் தம்ளரும் என் கண்ணில் படுகின்றன. வேலைக்கு வருகிறவருக்கு அவை. அவர் கையால் கழுவின பாத்திரத்தில் நாம் உண்ணலாமாம். நம் பாத்திரத்தில் அவர் உண்ணக்கூடாதாம். அதே ஆள் ஞாயிறன்று நமக்கு முன்னே நின்று அதே திவ்விய நற்கருணையை வாங்குகிறார். அடுத்த மாதம் வீடு மந்திரிக்க வருவேன். தண்ணீர் கொடுப்பதானால் அந்தத் தம்ளரிலேயே கொடுங்கள்.

பங்குத் திருநாள் அசனம் இம்முறை இலைபோட்டுத் தரையில் நடக்கும். முட்டி வலியுள்ளவர்களுக்கு மேசை உண்டு. கரண்டி வேண்டுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒருவரும் அவர்களைக் கேலி செய்யக்கூடாது. அந்தப் பாட்டியம்மாளை முதல் பந்திக்கே அழைத்துவரும்படி பேரனிடம் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொன்னான்.