பூச்சும் திருமேனியும்

நூறாண்டு கடந்த வீட்டின் வெளிச்சுவருக்குப் புதிதாக வண்ணம் பூசும்போது அந்த வீடு காக்கப்படுகிறதா, அல்லது அதன் இடத்தில் வேறொரு வீடு வந்துவிடுகிறதா என்பது பொறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியாகத் தோன்றினாலும், அதன் வேர் தத்துவத்தில் இருக்கிறது. மாறிக்கொண்டேயிருக்கும் பொருள் எதனால் அதே பொருளாக நிற்கிறது என்று இந்தியத் தரிசனங்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்துள்ளன. அவ்வாதத்தில் தனித்ததொரு விடை தந்த இராமாநுசர் (மரபுப்படி 1017–1137) அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலேயே இன்று ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை இயங்குவது தற்செயல்தான். ஆயினும் கேள்வியின் இரு முனைகளும் ஒரே ஊரில் கிடைப்பது ஆராய்ச்சிக்கு வசதியாகவே இருக்கிறது.

இக்கேள்விக்குத் தக்க எடுத்துக்காட்டு சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள ஐஸ் ஹவுஸ். அமெரிக்க ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து விற்ற பிரெடரிக் டியூடரின் வணிகத்துக்காக 1842இல் எழுந்த அக்கட்டடம், அவ்வணிகம் நொடித்தபின் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடாயிற்று. பனிக்கட்டிக் கிடங்குக்குத் தேவைப்படாத காற்றும் வெளிச்சமும் குடியிருப்போருக்குத் தேவைப்பட்டதால், அவர் தாழ்வாரங்களும் சன்னல்களும் அமைத்து அதன் முகத்தையே மாற்றினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்குத் தங்கினார். அவ்வாண்டே இராமகிருஷ்ணானந்தர் அங்கு இராமகிருஷ்ண மடத்தைத் தொடங்கினார். பின்னர் சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவையர் இல்லம் அங்கு இயங்கியது. 1963இல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டப்பட்டது. இத்தனை மாற்றத்துக்கும் பிறகு அதன் வெளிச்சுவரைப் பழைய நிலையில் காக்க வேண்டும் என்போர், எந்தப் பழைய நிலையை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாறிய பின்னும் அது அதே வீடுதானா என்பதற்கு, தருக்க மரபினரான நியாய வைசேஷிகர் கறாரான விடை தருவர். உறுப்புகளால் ஆன முழுப்பொருளை அவர்கள் அவயவி என்பர். துணியிலிருந்து ஓர் இழையை உருவினாலும் பழைய துணி அழிந்து புதிய துணி தோன்றுகிறது என்பது அவர்கள் கொள்கையாதலால், சுவரைச் சுரண்டிய அன்றே பழைய வீடு முடிந்துபோயிற்று. எல்லாம் கணந்தோறும் அழிந்து பிறக்கின்றன என்னும் பௌத்தருக்கோ, காப்பதற்கு நிலையான வீடு என்று ஒன்று தொடக்கத்திலிருந்தே கிடையாது. இராமாநுசர் இரண்டையும் மறுத்தார். காரணப் பொருளே வேறு நிலையை எய்திக் காரியமாகிறது என்பது அவர் கொள்கை. மண்ணே குடமாகிறது, குடமான பின்னும் அது மண்ணே. இந்த நிலைமாற்றத்தை அவர் அவஸ்தை என்பார். இவ்வழியில் நோக்கினால், கிடங்கு, வீடு, மடம், விதவையர் இல்லம் ஆகிய அனைத்தும் ஒரே கட்டடத்தின் அவஸ்தைகளாகும்; அவற்றுள் ஒன்றை மட்டும் மெய்யெனப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைச் சுரண்டி எறிய நியாயமில்லை.

ஆனால் எல்லா மாற்றமும் ஒப்பத்தக்கதா என்ற கேள்வி எஞ்சுகிறது. அதற்கு, பிரம்ம சூத்திரத்துக்கு இராமாநுசர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் அவர் உடலுக்குத் தரும் இலக்கணம் உதவுகிறது. ஓர் உயிரால் தாங்கப்படுவதும், அதனால் ஏவப்படுவதும், அதன் பொருட்டே இருப்பதும் எதுவோ அதுவே அவ்வுயிரின் உடல். மூன்றாவதாகச் சொன்ன, பிறிதொன்றின் பொருட்டே இருக்கும் தன்மையை வைணவர் சேஷத்வம் என்பர்; அவ்வாறு இருப்பது சேஷம், எதன் பொருட்டு இருக்கிறதோ அது சேஷி. சுவருக்கு உயிரில்லை என்பதால் இவ்விலக்கணம் அதற்கு நேராகப் பொருந்தாது. எனினும் பூச்சு சுவருக்காகவா, சுவர் பூச்சுக்காகவா என்று கேட்கும் முறையை அது கற்றுத் தருகிறது.

பழைய சென்னை வீடுகளின் செங்கற் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. கிளிஞ்சல் சுண்ணாம்பை மணலோடு அரைத்து, வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீர் சேர்த்து அடிப்பூச்சுகளை இட்டு, முட்டை வெள்ளைக்கரு கலந்த கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய கொத்தனார்கள், சலவைக்கல்லோ என்று பார்ப்பவர் ஐயுறும் பரப்பை உண்டாக்கினர். அத்தகைய சுவரில் மழை படாத ஒரு மூலையை விரலளவு சுரண்டினால், மேலே எமல்ஷன் தோலாக உரியும், அடியில் காவி கலந்த சுண்ணாம்பு பொடியாக உதிரும், அதனடியில் வெள்ளை, அதற்கும் கீழே சிறுகத்திக்கு எளிதில் மசியாத பழைய மெருகு. சுண்ணாம்புப் பரப்பு நுண்துளை உடையது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது ஆவியாக வெளியே விடும். அக்ரிலிக் பிசின் கலந்த எமல்ஷனோ அத்துளைகளின்மேல் படலமாகப் படிவதால், உள்ளே தங்கிய ஈரத்தின் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல்லையே அரித்து மாவாக்குகிறது. வெள்ளையடித்த சுண்ணாம்பு ஆண்டுதோறும் தான் உதிர்ந்து சுவரைக் காத்தது. எமல்ஷன் தான் நிலைக்கும் பொருட்டுச் சுவரை உதிர்க்கிறது. சேஷமாக இருக்க வேண்டியது சேஷியாகிவிடும் இந்த முறைகேடே, எந்த நிறம் என்ற பூசலைவிடப் பெரிது.

கோயில் மரபு இதனை முன்பே அறிந்திருந்தது. திருப்பணியின்போது மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ சிறு பிம்பத்திலோ எழுந்தருளச் செய்து, தற்காலிகச் சந்நிதியான பாலாலயத்தில் வைத்து வழிபடுவர். பணி முடிந்து குடமுழுக்கில் அது மீண்டும் மூலஸ்தானம் சேரும். திருவரங்கத்திலோ, இராமாநுசரின் திருமேனியே அமர்ந்த கோலத்தில் காக்கப்படுவதாகச் சம்பிரதாயம் கூறுகிறது; அதன்மேல் ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் கலந்த குழம்பு சாற்றப்படுகிறது. உடல் உயிரை விட்டுத் தனித்து நில்லாது என்று வாதிட்டவரின் உடலையே அடியார்கள் பூச்சிட்டுப் பேணுவதைச் சிலர் முரண் எனக் கருதலாம். அங்கே காக்கப்படுவது வெற்றுப் பொருளாகாமல், நாள்தோறும் சேவிக்கப்படும் ஆசாரியனாகவே இருப்பதால், அந்த முரண் அவ்வளவு கூர்மையானதன்று.

எது எதன் பொருட்டு என்னும் இந்த அளவுகோல் முகப்பை மட்டும் நிறுத்திவைத்து உள்ளே இடித்துக் கட்டும் வழக்கத்தை ஏற்காது. ஆளில்லா வீடு பாழாகும் என்று ஊரார் சொல்வதும் உயிரை விட்டு உடல் நில்லாது என்று இராமாநுசர் சொல்வதும் இங்கே ஒன்றுபடுகின்றன. 1849இல் ஆங்கிலக் கலை விமரிசகர் ஜான் ரஸ்கின், பழங்கட்டடத்தைப் புதுப்பிப்பதே பொய் என்று கண்டித்தார். அக்கடுமை காலமும் சிதைவும் அழகாகத் தெரியும் இங்கிலாந்தின் கல்லுக்குப் பொருந்தலாம், மறு ஆண்டே பூசாவிட்டால் மழையில் கரையும் சுண்ணாம்புக்குப் பொருந்தாது.

எமல்ஷனைப் பழிப்பதற்கும் இதில் இடமில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடம் சாலையோரத்துத் தொழிற்கூடங்களும் அடுக்ககங்களும் கான்கிரீட்டால் ஆனவை. காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்பை இறுகச் செய்து கல்லாக்குகிறது; அதே வாயு கான்கிரீட்டினுள் ஊடுருவினால் அதன் காரத்தன்மையைக் குறைத்து, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்க வழி செய்கிறது. அங்கே அந்த வாயுவையும் மழையையும் தடுக்கும் படலம்தான் சுவருக்குச் சேஷம். அங்கே சுண்ணாம்பு அடித்தால் அது வெறும் நிறம்.