எழுதிய கதையும் ஆடுவோர் தெரிவும்

ஒருவர் எழுதி அச்சிட்ட கதையை வேறு சிலர் கூடியிருந்து ஆடும்போது, அக்கதைக்கு அவர்கள் எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவர்கள் என்னும் வினா புதியதன்று. நாடக மேடையிலும் கூத்துக் களரியிலும் அது பலமுறை எழுந்ததுண்டு. ஆயினும், அமெரிக்காவிலே தோன்றி இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு விளையாட்டில் அவ்வினா எழும் விதம் தனியானது. அங்கே பார்வையாளர் என்று எவருமில்லை. கதையைக் கேட்பவர்களே அதன் நாயகர்களாயும் இருக்கின்றனர். ஆதலின், கதையை மாற்றுவது பற்றிய கேள்வி அங்கே வெறும் இரசனைப் பிரச்சினையாக நின்றுவிடாமல் அறப் பிரச்சினையாகவும் ஆகிவிடுகின்றது.

1974 ஆம் ஆண்டில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவரின் படைப்பாக வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் கதையாட்டத்தையே இங்கு கருதுகின்றோம். மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்வர். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக் கொள்வர்: வாள்வீரன், மந்திரவாதி, கள்வன், குருவானவர் என்றவாறு. அப்பாத்திரத்துக்கு ஓர் ஊரும் ஒரு குடும்பமும் ஓர் ஏக்கமும் இருக்கும். ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காது, எஞ்சிய உலகம் முழுவதற்குமாகப் பேசுவார். மழையும் பகைவனும் சத்திரக்காரியும் அவர் வாயிலாகவே பேசும். அவரை நடத்துநர் என்போம். இச்சொல் நம்மவர்க்குப் பஸ் வண்டியை நினைவூட்டினும் பொருந்தாமற் போகவில்லை. ஏறியவர்கள் எங்கே இறங்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அங்கும் அவரல்லர். ஐயத்துக்குரிய செயல்களின் முடிவை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும்.

நடத்துநருள் சிலர் கதையைத் தாமே புனைவர். தொழில் செய்து களைத்து வருபவர்களுக்கு அது இயல்வதில்லை. ஆகவே கடையில் விற்கும் கதைநூலொன்றை வாங்கி, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அதனை நடத்துவர். பிரச்சினை இங்கேதான் தொடங்குகின்றது. நூலாசிரியர் இந்த நால்வரைக் கண்டவரல்லர். மகனை இழந்த மருத்துவச்சியொருத்தியை இவர்களுள் ஒருவர் படைத்திருப்பது அவருக்குத் தெரியாது. நூலின்படியே நடத்தினால் அந்த மருத்துவச்சியின் துயரம் முந்நூறு பக்கங்களுக்குள் ஓரிடத்திலேனும் தீண்டப்படாமற் போகும். யார் வந்திருந்தாலும் அதே கதைதான் நடந்திருக்கும். ஆகவே மாற்றவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. எவ்வாறு மாற்றுவது, எதனை மாற்றலாகாது என்பதே கேள்வி.

தமிழ் மரபில் இக்கேள்விக்கு ஒரு முன்வடிவம் உண்டு. முதல்நூல், வழிநூல் என்ற பாகுபாட்டைத் தொல்காப்பியம் செய்கின்றது. வழிநூல் செய்பவன் தொகுக்கலாம், விரிக்கலாம், தொகுத்தும் விரித்தும் செய்யலாம், மொழிபெயர்க்கலாம் என நான்கு வகையும் கூறுகின்றது. இலக்கண ஆசிரியர்கள் வழிநூலை இழிவாகக் கருதவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அவர்கள் மனதில் இருந்தவை நூலும் ஆசிரியனும் மட்டுமே. கதையாட்டத்திலோ மூன்றாமவர் ஒருவர் உண்டு. எதிரே இருந்து "நான் அந்தக் கதவைத் திறக்கமாட்டேன்" என்று சொல்லக்கூடியவர் அவர்.

சான்றாக ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். ட்ரேசி ஹிக்மன், லோறா ஹிக்மன் தம்பதியர் எழுதிய 'ரேவன்லொஃப்ட்' 1983 இல் வெளிவந்தது. அதனை விரித்து 2016 இல் 'கேர்ஸ் ஒஃப் ஸ்ட்ராட்' என்ற பெருநூல் வெளியிடப்பட்டது. பரோவியா என்பது மூடுபனி சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. உள்ளே வந்தவர் வெளியேற முடியாது. மலைமேற் கோட்டையிலிருந்து அதனை ஆள்பவன் ஸ்ட்ராட் என்னும் பிரபு. அவன் இரத்தம் குடிக்கும் பிணம். இதிலே நிலப்பிரபுத்துவத்தின் சித்திரம் வெளிப்படையாகவே உள்ளது. உருவகம் தேடி நாம் சிரமப்படவேண்டியதில்லை.

இந்நூலை ஆடுவோர்க்கேற்ப மாற்ற முனைவோர் முதலிற் செய்வது பெரும்பாலும் ஒன்றே. ஒருவரின் பாத்திரத்தை ஸ்ட்ராட்டின் மறைந்த உறவினராக்குவர்; இன்னொருவரை, அவன் காதலித்த பெண்ணின் மறுபிறப்பாக்குவர்; மூன்றாமவரின் தந்தை கோட்டைச் சிறையில் இருப்பார். இவ்வாறு உலகம் முழுவதும் நான்கு பேரைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். இதனை நாம் ஏற்கத் தயங்குகின்றோம். பிறப்பினாலே முக்கியத்துவம் பெறுவது அரச கதைகளின் பழைய நோய். ஆடுபவர் தம் பாத்திரத்தை ஓர் உழவர் மகளாகப் படைத்திருக்க, "இல்லை, நீ உண்மையில் இளவரசி" என்று அவருக்கு அறிவிப்பது சலுகை போலத் தோன்றும். உண்மையில் அவர் படைத்த உழவர் மகளை அது அழித்துவிடுகின்றது.

வேறொரு வழி உண்டு. 2014 இல் புதிதாகத் தொடங்குவோருக்கென வெளியான 'லொஸ்ட் மைன் ஒஃப் ஃபன்டெல்வர்' என்ற சிறு கதைநூலுடன் ஐந்து பாத்திரங்கள் ஆயத்தமாகவே தரப்பட்டன. அவற்றுள் ஒருவர், தொலைந்த சுரங்கத்தைத் தேடும் சகோதரர்களின் உறவினர். ஒருவர், பாழடைந்துபோன ஊரொன்றிலிருந்து வந்த குடும்பத்தவர். ஒருவர், ஊரை ஆட்டிப்படைக்கும் சண்டியர் கூட்டத்தால் வஞ்சிக்கப்பட்டவர். எவரும் உலகை மீட்கப் பிறந்தவரல்லர். ஒவ்வொருவருக்கும் அந்த நிலத்தோடு ஒரு கணக்கு இருக்கின்றது, அவ்வளவே. பாத்திரத்தைக் கதையோடு பிணைக்க விதியைவிடக் கடன் சிறந்த கயிறு என்பது எமது துணிபு.

நம் மருத்துவச்சியை மீண்டும் எண்ணுவோம். பரோவியாவில் ஒரு பழைய காற்றாலை உண்டு. அங்குள்ள சூனியக்காரிகள் கனவு தரும் பணியாரம் செய்து விற்பர். பணமில்லாதோர் அதற்கு விலையாகத் தம் பிள்ளைகளைக் கொடுப்பர். நூலில் இது ஒரு பயங்கரக் காட்சி. வந்து, கண்டு, போரிட்டுப் போகலாம். ஆனால் பிள்ளையைக் கொடுத்த தாயொருத்திக்கு முன்னொரு நாள் பிரசவம் பார்த்தவள் இந்த மருத்துவச்சிதான் என்று நடத்துநர் ஒரேயொரு வரியைச் சேர்க்கட்டும். தன் மகனை நோய்க்குப் பறிகொடுத்தவள், தன் மகனைப் பணியாரத்துக்கு விற்றவளின் எதிரே நிற்கின்றாள். அவளை வெறுப்பதா? விடியாத நாட்டில் ஒரு நல்ல கனவுக்காக மனிதர் எதையும் கொடுப்பர் என்பதை உணர்வதா? இதற்கு நூலில் விடை இல்லை. பகடையாலும் விடை சொல்ல முடியாது. ஒரு வரி மாற்றம் இவ்வளவு செய்யுமெனில், இளவரசிகள் எதற்கு?

எதனை மாற்றியே ஆகவேண்டும் என்பதற்கும் இந்நூலிலேயே சான்று கிடைக்கின்றது. பரோவியாவின் குடிகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே ஆன்மா உண்டு என்றும், ஏனையோர் வெறும் கூடுகளே என்றும் 2016 ஆம் ஆண்டு நூல் கூறுகின்றது. கதையின் இருளைக் கூட்டவே ஆசிரியர்கள் இதனைச் சேர்த்திருக்கலாம். ஆனால் இதன் விளைவு யாது? பத்துக் குடியானவரில் ஒன்பது பேர் இறந்தால் இழப்பில்லை என்ற எண்ணம் ஆடுவோர் உள்ளத்தில் ஊறிவிடும். பிரபுக்கள் தம் குடிகளைப்பற்றி என்றும் கொண்டிருந்த எண்ணமும் அதுவே. இவ்வரியை நீக்கிவிட்டு ஆடுவதில் நமக்கு எள்ளளவும் தயக்கமில்லை. அதே நூலில் விஸ்தானி என்ற அலைகுடிகளைக் குடிகாரரும் வஞ்சகருமாகக் காட்டியமை, ஐரோப்பாவின் ரோமா மக்களைப்பற்றிய இழிந்த கற்பனைகளின் எதிரொலி என்று கண்டனத்துக்குள்ளாயிற்று. 2020 இல் வெளியீட்டாளரே அப்பகுதிகளைத் திருத்தினர். அச்சேறியது மாறாதது என்று இனி எவரும் வாதிக்க முடியாது.

இதுவரை கூறியவற்றிற் பலருக்கு உடன்பாடு இருக்கும். இனிக் கூறப்போவதே சிக்கலானது.

பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஆடுவோர் அரைமணி நேரம் விவாதித்து இடப்பக்கம் செல்லத் தீர்மானிக்கின்றனர். நடத்துநரோ ஓர் அரக்கனை ஆயத்தம் செய்து வைத்திருக்கின்றார். அவர்கள் எந்தப் பக்கம் சென்றிருந்தாலும் அதே அரக்கன் அங்கே நின்றிருப்பான். ஆடுவோருக்கு இது தெரியாது. அவர்கள் மகிழ்வுடனேயே ஆடுகின்றனர். இது குற்றமா? நடத்துநர் தரப்பிலும் நியாயம் உண்டு. அவரும் உழைப்பவரே. தம் இரவுகளைச் செலவிட்டு ஆயத்தம் செய்ததை வீணாக்க அவருக்கு மனமில்லை. எவரும் துன்புறவில்லையே என்றும் அவர் கேட்கலாம்.

இக்கேள்விக்கு விடை காண ரேவன்லொஃப்டின் ஒரு சிறப்பியல்பு துணைசெய்கின்றது. அதில் ஒரு சீட்டுக்கட்டு உண்டு. குறி சொல்பவள் சீட்டுகளை விரிப்பாள். ஸ்ட்ராட்டை வெல்ல உதவும் மூன்று பொருள்களும் எங்கே உள்ளன, துணைவருபவர் யார், கோட்டையில் அவன் எங்கே காத்திருப்பான் என்பவற்றை அவை தீர்மானிக்கும். 1983 ஆம் ஆண்டு நூலில் ஸ்ட்ராட்டின் நோக்கம்கூடச் சீட்டினாலேயே தீர்மானமாயிற்று. ஆகவே ஒவ்வொரு முறையும் கதை வேறாகும். (அதே ட்ரேசி ஹிக்மனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1984 இல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' வரிசையோ எதிர்த்திசையிற் சென்றது. நாயகர் யாவர் என்பது அங்கே முன்பே எழுதப்பட்டிருந்தது. முக்கியமானவர் இறந்தால், பிறகு உயிரோடு திரும்ப ஏதுவாக அச்சாவை ஐயத்துக்குரியதாக வைக்கும்படி நடத்துநருக்கு அறிவுரையும் தரப்பட்டது.) சில நடத்துநர் இந்தச் சீட்டுகளை இரகசியமாக முன்கூட்டியே அடுக்கிவைத்து, தம் மேசையில் இருப்போருக்குப் பொருந்தும் விடைகளை வரவழைப்பர்.

சீட்டை அடுக்குவதும் அரக்கனை இடம் மாற்றுவதும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் மறைவு உண்டு. எனினும் இரண்டும் ஒன்றல்ல. சீட்டு எவருடைய தெரிவுமன்று. தற்செயலை நீக்கி அவ்விடத்தில் அக்கறையை வைத்தவர் எவரிடமிருந்தும் எதனையும் எடுக்கவில்லை. பாதையோ அவர்கள் ஆராய்ந்து தெரிந்தெடுத்தது. அத்தெரிவைப் பொருளற்றதாக்கிவிட்டு, பொருளுள்ளது போல் நடிப்பது அவர்களுடைய செயலைக் களவாடுவதாகும். மகிழ்கின்றார்களே என்ற சமாதானத்துக்கு அந்நூலே பதில் வைத்திருக்கின்றது. பரோவியாவில் வல்லாக்கி என்றொரு பட்டினம் உண்டு. அதன் தலைவன் மக்கள் மகிழ்ச்சியாயிருந்தால் தீமை அணுகாதென நம்பி, வாரந்தோறும் கட்டாய விழா நடத்துவான், முகஞ்சுளிப்போரைத் தண்டிப்பான். அந்தத் தலைவனைக் கண்டு நகைக்கும் நடத்துநர், தம் மேசையிலும் அதே விழாவையே நடத்திக்கொண்டிருக்கலாம்.

பாடத்திட்டத்தை முன்வைத்துக்கொண்டு "உங்கள் கருத்தென்ன?" என்று மாணவரைக் கேட்டு, எந்த விடை வந்தாலும் கரும்பலகையில் முன்பே தீர்மானித்த விடையை எழுதும் ஆசிரியத் தொழிலில் உள்ளோருக்கு இதனை மேலும் விளக்கத் தேவையில்லை.

இதன் பின்னணியில் உடைமை பற்றிய வினாவும் உள்ளது. இவ்வாட்டத்தை இன்று வெளியிடும் நிறுவனம் 1999 முதல் ஹஸ்புரோ என்ற பெரும் விளையாட்டுப் பொருள் நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆட்டத்தின் அடிப்படை விதிகளைப் பிறர் பயன்படுத்தலாமென 2000 ஆம் ஆண்டில் வழங்கிய உரிமத்தை 2023 சனவரியில் அது சுருக்க முற்பட்டது. ஆடுவோரும் சிறு வெளியீட்டாளரும் பெருந்திரளாக எதிர்த்தனர். அம்மாதம் முடியுமுன்பே நிறுவனம் பின்வாங்கி, அவ்விதிகளை எவரும் பயன்படுத்தக்கூடிய பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டது. நூலை விற்பவர் நிறுவனம்தான். ஆயினும் அந்நூல் கதையாவது வாரந்தோறும் கூடுவோரின் கூலியில்லாத உழைப்பினாலேயே. அவ்வுழைப்பின் பயனை நிறுவனம் தனதாக்குவதை எதிர்த்தவர்கள், தம் மேசையில் நடத்துநர் ஒருவரே அதனைத் தனதாக்குவதையும் எதிர்ப்பதுதான் நேர்மை.

இறுதியாக, நூலின் முடிவைப்பற்றி ஒரு சொல். ஸ்ட்ராட் கொல்லப்பட்டால் மூடுபனி விலகும், வெயில் வரும். ஆனால் சில மாதங்களில் இருட் சக்திகள் அவனை மீண்டும் எழுப்பிவிடும் என்று நூல் கூறுகின்றது. இதனை நீக்கிவிட வேண்டுமென்பார் உளர். ஆடுவோரின் வெற்றியை இது பொய்யாக்குகின்றது என்பது அவர்கள் வாதம். நாம் நீக்கமாட்டோம். ஒரு பிரபுவைக் கொன்றதால் மட்டும் ஒரு நாடு மீள்வதில்லை என்பது மெய்யே. நாம் கேட்பது, இடைப்பட்ட அந்த மாதங்களில் என்ன நடந்தது என்பதை. மருத்துவச்சி காற்றாலையில் மீட்ட பிள்ளைகள் எவரிடம் வளர்கின்றனர்? யாரையும் உள்ளே விடாது மதிலடைத்திருந்த கிரெஸ்க் என்னும் ஊர் வாயிலைத் திறந்ததா? வல்லாக்கியின் கட்டாய விழாவை நிறுத்தியவர்கள் யாவர், அவர்களை ஒன்றுசேர்த்தவர் யார்? ஆடுவோர் இவற்றுக்கு ஏதேனும் செய்திருந்தால், திரும்பிவரும் ஸ்ட்ராட் காணும் பள்ளத்தாக்கு வேறொன்றாயிருக்கும். அதற்கான பக்கங்கள் நூலில் இல்லை.