வேலில் கட்டிய வேம்பு

காதலைப் பாடும் அகப்பாட்டில் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய மரபு. நக்கீரர் நெடுநல்வாடையில் அந்த மரபைக் காத்தார். பிரிவில் வாடும் அரசிக்கும் பெயரில்லை, நள்ளிரவில் பாசறையில் உறங்காமல் திரியும் அரசனுக்கும் பெயரில்லை. ஆனால் வேலில் வேம்பு கட்டியிருந்ததை ஓரிடத்தில் சொல்லிவிட்டார். வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பைக் கொண்டே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்தப் பாட்டை, போரையும் அரசரையும் பாடும் புறத்தில் சேர்த்தார். பெயரை மறைத்தாலும் ஆள் மறைவதில்லை என்பதை நம் உரைமரபு அன்றே கண்டுகொண்டது. உண்மை மனிதர்களுக்கு வேறு பெயர் சூட்டிக் கதை எழுதுவது அறமா என்ற கேள்வியை இங்கிருந்தே தொடங்கலாம்.

பெயரை மாற்றுவது பொய்தானே என்று சிலர் கேட்பார்கள். வள்ளுவர் வாய்மையை அளந்த கோல் வேறு. பிறருக்குத் தீங்கு தராத சொல்லே அவருக்கு வாய்மை. அந்தக் கோலால் அளந்தால், ஒருவரைக் காப்பாற்றும் மாற்றுப் பெயரில் குற்றமில்லை. காப்பாற்றாத மாற்றுப் பெயர்தான் சிக்கல். 1932இல் எம்.ஜி.எம். நிறுவனம் ரஷ்யச் சாமியார் ரஸ்புதீனைப் பற்றி எடுத்த படத்தில் நடாஷா என்றொரு இளவரசி வருகிறாள். ரஸ்புதீனால் கெடுக்கப்பட்டவளாகக் காட்டப்படுகிறாள். ரஸ்புதீன் கொலையில் பங்கேற்ற யூசுபோவின் மனைவி இரினா, அது தன்னையே குறிக்கிறது என்று லண்டனில் வழக்குத் தொடுத்தார். 1934இல் அவருக்கு 25,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. ஆனால் அந்த அவதூறை மறுப்பதற்கே, ‘அந்த நடாஷா நான்தான்’ என்று அவர் முதலில் ஊரறியச் சொல்லவேண்டியிருந்தது. பெயர் சொல்லித் திட்டினால் திருப்பிக் கேட்கலாம்; அரைகுறையாக மறைத்துத் திட்டினால் கேட்கும் வழியும் அடைபடுகிறது. நடந்ததோடு கற்பனையும் கலந்துவிடுவதால், செய்யாததும் அவர் தலையில் ஏறுகிறது.

இப்படிப் பார்த்தால் கதையே எழுத முடியாதே, எல்லாப் பாத்திரங்களும் யாரோ ஒருவரிடமிருந்து வந்தவர்கள்தானே என்பது நியாயமான மறுப்பு. அகமரபு வாழ்க்கையிலிருந்து எடுப்பதைத் தடுக்கவில்லை. எடுத்ததை எவருக்கும் பொருந்துமளவுக்குக் கரைக்கச் சொல்கிறது. தழும்பு, தெரு, தொழில், குடும்பத்தில் நடந்த ஒரு சாவு என ஆளைக் காட்டும் குறிகள் அப்படியே இருக்க, பெயர் மட்டும் மாறினால் எதுவும் கரையவில்லை. அதிகாரத்தில் இருப்பவரை வேறெப்படி விமர்சிப்பது என்ற மறுப்புக்கு வலு அதிகம். ‘இருவர்’ (1997) படத்தின் ஆனந்தனும் தமிழ்ச்செல்வனும் யாரை நினைவூட்டினார்கள் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தலைவர்களின் பொதுவாழ்வு ஏற்கெனவே மக்கள் முன் கிடந்தது. படம் சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்க ஊருக்கு வேறு சாட்சிகள் இருந்தன. விலகிப்போன மனைவிக்கோ பழைய நண்பனுக்கோ அத்தகைய சாட்சிகள் இல்லை. அவர்களை அறிந்த நாற்பது பேருக்கு அந்தக் கதைதான் கடைசிச் சொல். நக்கீரரின் வேம்பு பாண்டியனுக்குப் பெருமையே சேர்த்தது. அத்தகைய குறியை எளியவர் ஒருவர் மேல் விட்டுவைக்கும் எழுத்தாளர், அவர் பெயரையே எழுதியிருந்தால் எவ்வளவு பொறுப்பு ஏற்றிருப்பாரோ அவ்வளவும் ஏற்கக் கடமைப்பட்டவர்.