ஈயும் கையும் ஆளும் கையும்

எரிந்துபோன வீடொன்றை எழுப்பிட ஒருவர் செங்கல் தருகிறார். மற்றொருவர் மரம் தருகிறார். இன்னொருவர் வட்டிக்குப் பணம் தருகிறார். வீடு எழும்பிவிட்டது. திறவுகோல் யாருக்கு? செங்கல் தந்தவருக்கா, மரம் தந்தவருக்கா, வட்டி கேட்பவருக்கா — அல்லது அந்த வீட்டிலே பிறந்து, அதன் சாம்பலிலே நின்று அழுதவருக்கா?

வகுப்பறையிலே இந்தக் கேள்வியை எழுப்பினோம். "வீட்டுக்காரருக்குத்தான்!" என்று சிறுவர்கள் ஒரே குரலில் முழங்கினர். ஒருவன் மட்டும் எழுந்து நின்று, "ஐயா, வீட்டைக் கொளுத்தியவர் யார்?" என்று கேட்டான். நாம் கேட்க மறந்ததை அவன் கேட்டான். வல்லரசுகள் கூடிடும் மாநாட்டு மண்டபங்களிலும் மறக்கப்படுவது அதே கேள்விதான்!

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபோது ஐரோப்பா இடிபாட்டுக் குவியலாய்க் கிடந்தது. 1947ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலே அமெரிக்க அயல்துறைச் செயலர் மார்ஷல் உதவிக்கரம் நீட்டினார். அம்மாத இறுதியிலே பாரிசில் பிரிட்டன், பிரான்சு, சோவியத்து நாட்டு அமைச்சர்கள் கூடினர். இத்திட்டம் நாடுகளின் இறைமையைப் பறிக்கும் என்று கூறி, ஜூலை 2ஆம் நாள் மாலடோவ் வெளியேறினார். ஐயம் அடியோடு பொய்யன்று. உதவியாக வந்த பொருளின் மதிப்புக்கு ஈடாக ஒவ்வோர் அரசும் தன் நாட்டுப் பணத்தைத் தனி நிதியில் செலுத்திடவேண்டும். அதிலிருந்து செலவிட அமெரிக்காவின் இசைவு வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஆனால், அடுத்து நடந்தது என்ன? ஜூலை 7இல் அழைப்பை ஏற்ற செக்கோஸ்லோவாகிய அரசு, தன் தலைவர்கள் மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டதும் ஜூலை 10இல் அந்த ஏற்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது! உதவிக்குள்ளே ஆதிக்கம் ஒளிந்திருக்கிறது என்று எச்சரித்தவர்களே, உதவி பெறாதே என்று ஆதிக்கம் செலுத்தினர். ஒருபுறம் ஏறத்தாழ 1,300 கோடி டாலர், அதன் பின்னே ஒரு கண்காணிப்பு. மறுபுறம் கட்டளை மட்டுமே!

அது பழைய கதை என்பீர்கள். அரை நூற்றாண்டு கழிந்து, அதே வழக்கு ஈராக்கிலே மீண்டும் அரங்கேறிற்று.

2003ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவும் பிரிட்டனும் படையெடுத்தன. மே 22ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1483ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஈராக்கின் எண்ணெய் விற்ற பணத்தில் 100க்கு 95 பங்கு 'ஈராக் வளர்ச்சி நிதி'யிலே சேரும். அதைச் செலவிடும் அதிகாரம், படையெடுத்தவர்கள் அமைத்த இடைக்கால ஆட்சிக்கு! கணக்கைக் கண்காணிக்க ஒரு குழு அமையும் என்றும் எழுதினார்கள். அக்குழு முதன்முதல் கூடியதோ டிசம்பர் மாதத்தில். பெட்டி திறந்தது மே மாதம். பெட்டியைக் காண்பவர் வந்தது டிசம்பர் மாதம்!

அக்டோபரில் மாட்ரிட் நகரிலே எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடின. சுமார் 3,300 கோடி டாலர் தருவதாக வாக்குறுதிகள் குவிந்தன. அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவினுடையது. பிரான்சும் செருமனியும் தனியாகப் புதுத்தொகை எதையும் அறிவிக்கவில்லை. ஈராக்கியரிடம் ஆட்சி விரைவில் திரும்பவேண்டும், ஐ.நா.வுக்கு உரிய பங்கு வேண்டும் என்றன. அமெரிக்கப் பெட்டியிலே பணம் போட விரும்பாத நாடுகளுக்காக, ஐ.நா.வும் உலக வங்கியும் நடத்தும் தனி நிதி ஏற்படுத்தப்பட்டது. டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பதிலடி தந்தது: அமெரிக்கப் பணத்தில் நடக்கும் பெரிய ஒப்பந்தங்களுக்கு 63 நாடுகளே போட்டியிடலாம், பிரான்சு, செருமனி, ரஷ்யாவுக்கு இடமில்லை!

நியாயம் யார் பக்கம்? பிரான்சும் செருமனியும் ரஷ்யாவும் ஈராக்குக்குக் கடன் கொடுத்திருந்த நாடுகள் என்பதையும் மறப்பதற்கில்லை. ஒவ்வொருவர் கொள்கையும் அவரவர் பணப்பைக்கு அருகிலேயே குடியிருந்தது. ஈராக்கியர் எவரும் இல்லாமலா போயினர்? மாட்ரிட்டுக்கு ஆட்சி மன்றத்தார் வந்தனர். ஆனால் அம்மன்றத்தை நியமித்ததே இடைக்கால ஆட்சிதான்.

இங்கேதான் அந்தச் சிறுவனின் கேள்வி நம்மைக் குத்துகிறது. 1990இல் ஈராக் குவைத்தின்மீது படையெடுத்தது, பாழாக்கியது. அதற்கு ஈடு கொடு என்று உலகம் ஆணையிட்டது. சரியான ஆணை! ஈராக்கின் எண்ணெய் வருவாயில் மீதியிருந்த 100க்கு 5 பங்கு, 2003இன் இடிபாடுகளுக்கு நடுவிலும் அந்த ஈட்டுத்தொகைக்கே சென்றது. கடைசித் தவணை தீர்ந்தது 2022இல்; மொத்தம் 5,240 கோடி டாலர். ஆனால் ஈராக்கை இடித்தவர் கொடுத்த பணத்தின் பெயர் என்ன? உதவி! எளிய நாடு இடித்தால் அது கடன். வலிய நாடு இடித்தால் அது கொடை! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதனினும் கொடிதன்றோ இது? ஆட்டிய கூலிக்குத் தொட்டிலையே கேட்பதல்லவா!

"எங்கள் வரிப்பணம், நாங்கள் கணக்குக் கேட்கக் கூடாதா?" என்பார்கள். கேட்கட்டும்; கேட்கத்தான் வேண்டும். பெறும் இடத்திலும் திருடர் உண்டு. ஈராக்கிய அமைச்சகங்களில் ஊழல் புரையோடியதை எவர் மறுப்பார்? எனினும், கணக்குக் கேட்கும் உரிமை வேறு, கட்டளையிடும் உரிமை வேறு. முன்னது நேர்மை; பின்னது ஆதிக்கம். கணக்குக் கேட்பவன் கணக்குக் காட்டவும் கடமைப்பட்டவன்.

காட்டினார்களா? 2005ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் சொந்தத் தணிக்கைத் தலைவரே அறிக்கை தந்தார். இடைக்கால ஆட்சி ஈராக்கிய அமைச்சகங்களுக்குக் கொடுத்த 880 கோடி டாலருக்குப் போதிய கணக்கு இல்லை என்றார். திருடப்பட்டது என்று அவர் கூறவில்லை. முறையாகச் செலவாயிற்று என்று காட்ட வழியில்லை என்றார். ஆட்சியை நடத்தியவர் மறுத்தார். போர்ச் சூழலை எண்ணிப் பாருங்கள் என்றார். ஆனால் அது யாருடைய பணம்? அமெரிக்க உழவர் தந்த வரியா? அன்று! ஈராக்கின் எண்ணெய் விற்ற பணம்! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பாட்டிமார் அறிந்த பொருளியல். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவர்கள், உடைத்த காய்களை எண்ணக்கூட இல்லை.

இளைஞர்காள்! கொடுப்பவன் உயர்ந்தவன், பெறுபவன் தாழ்ந்தவன் என்பது நம் நெஞ்சிலே நெடுங்காலமாக ஊறிய எண்ணம். கொடை என்றவுடனே கைகூப்புகிறோம். கொடுத்தவன் கையிலே கறை உண்டா என்று பார்க்கத் தயங்குகிறோம். பகுத்தறிவு இங்கே மூன்று வினாக்களை எழுப்பிடச் சொல்கிறது: இடித்தவர் யார்? கொடுப்பது கடனா, கொடையா? கணக்கு யாரிடம் காட்டப்படுகிறது? இடித்தவன் தருவது கடமை. அதற்குக் கைம்மாறாக ஆட்சி கேட்கும் உரிமை அவனுக்கில்லை. இடிக்காதவன் தருவது அன்பு. அவனும் கணக்குக் கேட்கலாம், திறவுகோல் கேட்கக் கூடாது. இருவரும், பெறுகின்ற அரசும், கணக்கை விரித்து வைக்கவேண்டிய இடம் ஒன்றே: வீடிழந்த மக்களின் முன்றில்.

வகுப்பறையிலே அந்தச் சிறுவனுக்கு நாம் உடனே விடை கூறவில்லை. கரும்பலகையில் இரண்டு சொற்களை மட்டும் எழுதினோம்: ஈடு, உதவி. இரண்டுக்கும் வேறுபாடு எழுதிவா என்றோம். மறுநாள் அவன் எழுதிவந்தது ஒரே வரி: "ஈடு கொடுத்தவர் தலைகுனிந்து நிற்பார், உதவி கொடுத்தவர் தலைநிமிர்ந்து நிற்பார்."

பாக்தாதிலே தலைநிமிர்ந்து நின்றவர்கள் அந்த வரியைப் படித்திடவேண்டும்.