கைப்பிடிச்சுவரும் பசுமை விதியும்

கட்டடம் எழுப்புபவரின் பொறுப்பு எதுவரை நீள்கிறது என்ற கேள்வி, கட்டடக்கலை தனித்துறையாவதற்கு வெகுகாலம் முன்பே சட்டத்துக்குள்ளும் சமயத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத் தொகுப்பு, கொத்தனார் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் இறந்தால் கொத்தனாருக்கு மரண தண்டனை என்று விதித்தது. எபிரேய மறைநூலின் உபாகமம் 22ஆம் அதிகாரமோ வேறொரு பாதையில் செல்கிறது. புதுவீடு கட்டுகிறவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், எழுப்பாமல் விட்டு அங்கிருந்து எவரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கட்டளை. முதல் விதி தீங்கு நிகழ்ந்தபின் தண்டிக்கிறது. இரண்டாவது, தீங்கு நிகழுமுன் தடுக்கச் சொல்கிறது. விழப்போகிறவர் விருந்தாளியா, வேலையாளா, அண்டை வீட்டுக் குழந்தையா என்று அந்த இரண்டாவது விதி விசாரிக்கவில்லை என்பது இங்குக் கவனிக்க வேண்டிய நுட்பம்.

எரிசக்தி, நீர், கட்டுமானப் பொருள் ஆகியவற்றைக் கட்டடங்கள் எந்த அளவுக்குள் பயன்படுத்த வேண்டும், வெப்பத்தையும் கழிவையும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று வரையறுக்கும் பசுமைக் கட்டட விதிகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் பொறியியல் விவாதமாகவே நடக்கிறது. அதனடியில் கிடப்பது ஓர் அறவியல் கேள்வி: தன் மனையில் தன் பணத்தில் கட்டுகிற ஒருவரிடம், அவர் அறியாத, இன்னும் பிறக்கவும் செய்யாத மனிதர்களுக்காகச் சுவரைத் தடிமனாக்கச் சொல்ல அரசுக்கு உரிமை உண்டா? உண்டென்றால், அதைக் கடமையாகச் சொல்ல வேண்டுமா, புண்ணியமாகச் சொல்ல வேண்டுமா?

அரசுகள் இந்த இரண்டு மொழிகளையும் பேசிவந்திருக்கின்றன. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மேலைநாட்டு அரசுகள் பல கட்டடங்களின் வெப்ப இழப்புக்கு வரம்பு விதிக்கத் தொடங்கின. கலிபோர்னியாவின் எரிசக்தி விதிகள் 1978இல் நடைமுறைக்கு வந்தன. இது கடமையின் மொழி. 1990இல் பிரிட்டனில் தோன்றிய ‘ப்ரீயம்’ முறையும், 1993இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட பசுமைக் கட்டட மன்றம் பின்னர் உருவாக்கிய ‘லீட்’ முறையும் வேறு வகையின. விரும்பி முன்வரும் கட்டடங்களுக்கு மதிப்பெண் போட்டுத் தரம் தருபவை அவை; லீட் முறையில் அந்தத் தரங்கள் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என ஏறும். இந்தியாவில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தன. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் வழியாக 2002இல் எரிசக்தித் திறன் பணியகமும், 2007இல் வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பும் உருவாயின. மறுபுறம், ஐதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் சோராப்ஜி கோத்ரெஜ் மையம் 2003இல் லீட் பிளாட்டினம் தரம் பெற்றுப் புகழடைந்தது. 2007இல் மத்திய அரசு ‘கிருஹா’ என்னும் உள்நாட்டு மதிப்பீட்டு முறையை ஏற்றது. நிலமும் உள்ளாட்சியும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மத்திய அரசு வகுத்த விதித்தொகுப்பை ஒவ்வொரு மாநிலமும் தன் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்தி, அரசாணையாக்கி, கட்டட அனுமதி விதிகளுக்குள் சேர்த்தால்தான் அது உயிர்பெறும். இந்த நீண்ட பயணத்தில் பல ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைவெளியை நிரப்பியவை மதிப்பெண்களே.

மதிப்பெண் முறையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. கட்டடக்கலைஞருக்கும் கண்ணாடி விற்பவருக்கும் புதிய பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தது அதுவே. ஆனால் அதன் அற இலக்கணம் உபயத்தின் இலக்கணம். கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தில் ஒரு பகுதியை மறைப்பது நம் ஊர்களில் பழகிய காட்சி. வாயிலில் பதித்த பிளாட்டினப் பலகையிலும் அந்தச் சாயல் உண்டு. இதைவிட விந்தையானது, தரம் பெற்ற கட்டடங்களுக்குச் சில மாநிலங்களும் நகர அமைப்புகளும் வழங்கும் கூடுதல் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பில் அளிக்கும் தளர்வு. குறைவாகக் கெடுத்ததற்குப் பரிசு, இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கட்டிக்கொள்ளும் அனுமதி! கைப்பிடிச்சுவர் எழுப்பியவருக்கு எந்த நகராட்சியும் இதுவரை கூடுதல் மாடி தந்ததில்லை, ஏனெனில் அது தானமன்று, கடன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

பசுமை விதி அதே வகைக் கடன்தானா என்பதே தத்துவச் சிக்கல். கைப்பிடிச்சுவர் காப்பது கண்ணுக்குத் தெரியும் மனிதரை; சுவரின் வெப்பத் தடுப்பு காப்பதாகச் சொல்லப்படுவதோ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வாழ்பவரை. பழைய அறநெறிகள் அண்டை அயலாரையும் சமகாலத்தவரையும் மட்டுமே மனத்தில் கொண்டவை, தொழில்நுட்பத்தின் கை நீண்டுவிட்டதால் பொறுப்பும் அவ்வளவு தூரம் நீள வேண்டும் என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். ஆங்கிலேயத் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் ஒரு சங்கடமான முடிச்சைப் போட்டார். இன்று ஒரு சமூகம் எடுக்கும் பெரிய முடிவுகள், யார் யாரைச் சந்திக்கிறார்கள், எந்தக் குழந்தைகள் பிறக்கின்றன என்பதையே மாற்றிவிடும். ஆகவே வீணடிக்கும் கொள்கையால் துன்புறும் எதிர்கால மனிதர், அக்கொள்கை இல்லாதிருந்தால் பிறந்தே இருக்கமாட்டார். அப்படியிருக்க அவருக்குத் தீங்கு செய்ததாக எவ்வாறு சொல்வது? பார்ஃபிட் இதைக் காட்டி வீணடிப்பை நியாயப்படுத்தவில்லை. நம் அறக்கோட்பாட்டில்தான் ஏதோ குறைகிறது என்றார்.

கட்டடத்தைப் பொறுத்தவரை இந்த முடிச்சு இறுகுவதில்லை. ஒரு மேல்மாடி அறையில் 2060ஆம் ஆண்டின் மே மாத இரவில் படுத்திருக்கப்போவது யார் என்பது தெரியாது. ஆனால் யாரோ ஒருவர் அங்குப் படுத்திருப்பார் என்பதும், பகலெல்லாம் காய்ந்த தளம் அவர்மேல் வெப்பத்தை இறக்கும் என்பதும் தெரியும். கடமை ஒரு பெயருக்கு உரியதன்று, ஓர் இடத்துக்கு உரியது. உபாகமத்தின் சட்டமும் விழுபவரின் அடையாளத்தைக் கேட்காமல் விளிம்பை மட்டுமே பார்த்தது. அந்த வகையில் பசுமை விதி புதிய அறம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. விளிம்பு எங்கே இருக்கிறது என்று அளக்கும் கருவி மட்டுமே மாறியிருக்கிறது.

அந்த அளவுகளில் இரண்டை அருகிருந்து பார்க்கலாம். குடியிருப்புகளுக்காக 2018 டிசம்பரில் வெளியான ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பு, சென்னையைப் போன்ற வெப்பமும் புழுக்கமும் கூடிய பகுதிகளில், வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வெளிக்காற்றுக்குத் திறக்கும் பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது. 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி. ஜன்னலின் மொத்த அளவு இங்குக் கணக்கன்று, திறக்கும் அளவே கணக்கு. ஐந்தடிக்கு நாலடி ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவு மற்றதன் பின்னால் ஒதுங்கி நிற்பதால் 20 சதுர அடியில் 10 மட்டுமே சேரும், கீல் வைத்து வெளியே திறக்கும் பழைய பாணி ஜன்னலுக்கோ 90 விழுக்காடு சேரும். பால்கனிக் கதவு உதவிக்கு வந்தாலும், ஸ்லைடிங்கையே நம்பிய வீடு இக்கணக்கில் தடுமாறும். அடுத்தது கூரை. வெளியும் உள்ளும் ஒரு டிகிரி வேறுபடும்போது ஒரு சதுர மீட்டர் கூரை வழியே கடக்கும் வெப்பம் 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது. வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல இரு மடங்குக்கும் மேலாகவே கடத்தும். இத்தகைய எண்களுக்கு அற முகம் இல்லையென்று தோன்றலாம். ஆனால் வீட்டைக் கட்டி விற்பவர் ஒருவர், வாங்கி வாடகைக்கு விடுபவர் இன்னொருவர், ஏ.சி.க்கு மின்கட்டணம் கட்டுபவரோ மூன்றாமவர் என்றிருக்கும் சந்தையில், அந்த மூன்றாமவர் வரைபட மேசைக்கு அருகே இல்லை. அவர் சார்பில் அங்கே உட்கார்ந்திருப்பது இந்த எண்தான்.

கடமையின் மொழி எவ்வளவு வேகமாக வேலை செய்யும், எங்கே தோற்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2003இல் மாநில அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, எவருக்கும் மதிப்பெண்ணோ பலகையோ தரவில்லை. ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குழிக்குள் இறங்கும் நீர் அந்த வீட்டுக் கிணற்றில் மட்டும் ஊறுவதில்லை. நிலத்தடி நீர் மனைக் கற்களை அறியாது. தெரு முழுவதற்குமான நன்மையைத் தனி வீட்டின் கடமையாக வைத்த அந்த ஆணை, பசுமை விதிகளின் அறத்தை எந்தத் தத்துவ நூலையும் விடத் தெளிவாகச் சொன்னது. அதே நேரத்தில், அனுமதிக்காக வைத்த குழாய் மண் அடைத்த குழியில் முடியும் வீடுகளும் பெருகின. ஒருமுறை கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்ற எண்ணமே அங்குக் குற்றவாளி; கைப்பிடிச்சுவர் நிற்கும்வரை காக்கும், குழியையோ ஆண்டுதோறும் தூர்வார வேண்டும்.

கடமை என்று சொல்லிவிட்டால், அதன் சுமை யார்மேல் என்ற கேள்வியும் உடன் வரும். வருங்காலத்தவருக்கு நீதி செய்யப்போய் நிகழ்கால ஏழையின் வீட்டுச் செலவைக் கூட்டுவது அறமாகாது என்னும் மறுப்பு வலுவானது. 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளை சம்ஹிதா விட்டுவைத்ததை இந்த வகையில் நியாயப்படுத்தலாம். எனினும் வெயில் மிகக் கடுமையாக இறங்குவது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேதான், அந்த வீடுகளோ விதிக்கு வெளியே நிற்கின்றன. விலக்கு அளிப்பதற்கும் கைவிடுவதற்கும் இடையிலான தூரம் இங்கு மிகக் குறைவு. சிறு வீடுகளின் கூரைக்கு வெள்ளைப் பூச்சு போடும் செலவை அரசே ஏற்பது, பெரிய வளாகங்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு தருவதைவிட நேர்மையான செலவாக இருக்கும்.

விதியின் வரம்பைச் சிறிய கட்டடங்களுக்கு நீட்டிக்கவும் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. 2022இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம், குறைந்தது 100 கிலோவாட் மின் இணைப்புச் சுமை கொண்ட கட்டடங்களுக்குப் பசுமை விதியைப் பொருத்தி, குடியிருப்புகளையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. அந்த 100 கிலோவாட்டை இன்னும் கீழே இறக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளிடமே விட்டிருக்கிறது.